ரைஃபிள் பேரல் மாத்தப் போறீங்களா? நீடிச்சு உழைக்கிற, குறி தப்பாத பேரல் எடுக்க முழு வழிகாட்டி

பேரல்ங்கறது, அதாவது துப்பாக்கியோட குழல், தேயுற சாமான். ஆக்சன் (தோட்டாவ உள்ள தள்ளி பூட்டுற பாகம்), ஸ்டாக் (பிடிக்கற கட்டை), ட்ரிக்கர் இதெல்லாம் ஒழுங்கா பராமரிச்சா அடுத்த தலைமுறைக்கும் வரும், ஆனா பேரல் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுகிட்டே தான் இருக்கும், ஒருநாள் மாத்தித்தான் ஆகணும், வண்டிக்கு டயர் மாத்துற மாதிரி. தேஞ்சுடுமேன்னு பயந்து பயந்து ரைஃபிள பெட்டிக்குள்ளயே வச்சிருக்கவங்களும் இருக்காங்க, அது தேவையில்ல. ஆனா மாத்தும்போது சரியானத எடுக்கணும், தப்பா எடுத்துட்டா அது தேயுற வரைக்கும் அதோட தான் மல்லுக்கட்டணும்.

புதுசா பேரல் தேடுற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த கம்பெனி பேரல் பெஸ்ட்". என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல முடிவு பண்ண வேண்டியது எந்த புல்லட்ட சுடப் போறீங்க, ஒரு வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு, எவ்வளவு வேகமா அடுத்தடுத்து சுடுவீங்க, இந்த மூணும் தான். ட்விஸ்ட் (பேரல் புல்லட்ட எவ்வளவு வேகமா சுத்திவிடுதுங்கறது), ஸ்டீல், தடிமன், நீளம், சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) எல்லாமே இந்த மூணு பதில்ல இருந்து தானா வந்து விழும், அப்படி வராம கேட்லாக்க பார்த்து ஆசைப்பட்டு எடுத்தா ஏதோ ஒண்ணு இடிக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பல நாடுகள்ல பேரல் தனியாவே லைசென்ஸ் கேக்குற பாகம், வெறும் உதிரி பாகம் தானேன்னு வாங்கிட முடியாது. சி.ஐ.பிங்கற சர்வதேச துப்பாக்கி சோதனை அமைப்புல இருக்கற நாடுகள்ல புது பேரல் போட்டா ப்ரூஃப் ஹவுஸ்ங்கற சோதனைக் கூடத்துல திரும்ப சோதனை பண்ணி முத்திரை வாங்கணும். உங்க ஊர் சட்டம் என்னன்னு தெரிஞ்சுகிட்டு, லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை செய்றவர்) மூலமா பண்ணுங்க. பொருத்துற வேலைய வீட்டுல முயற்சி பண்ற வேலையா நான் இங்க சொல்லவே இல்ல, தேர்ந்தெடுக்கறது மட்டும் தான் நம்ம கையில.

படி 1: உண்மையிலேயே பேரல் தான் போச்சா?

இத ஏன் முதல்ல வைக்கிறேன்னா நானே ஒரு தடவை நல்லா இருந்த பேரல தூக்கிப் போடப் பார்த்தேன். 100 மீட்டர்ல 3 சென்டிமீட்டர் குரூப் (சுட்ட ரவுண்டெல்லாம் விழுற இடத்தோட அகலம்) போட்டுகிட்டு இருந்த ரைஃபிள் திடீர்னு 7, 8 சென்டிமீட்டருக்குப் போச்சு, பேரல் முடிஞ்சு போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன், ஆர்டர் கொடுக்கறதுக்கு முந்தின நாள் ஸ்கோப்ப கழட்டினப்போ தான் பேஸ் ஸ்க்ரூ ஒண்ணு விரல்லயே திரும்புது. டைட் பண்ணி சுட்டா பழைய குரூப் அப்படியே திரும்பி வந்துச்சு. அதனால ஸ்கோப் பேஸ், ரிங், ஆக்சன் ஸ்க்ரூ இதெல்லாம் டார்க் ரெஞ்ச் வச்சு பாருங்க. பேரல் ஸ்டாக்கோட எங்கயாவது உரசுதான்னு ஒரு காகிதத்த நடுவுல விட்டு இழுத்துப் பாருங்க. தோட்டா வேற லாட்டா மாறியிருக்கான்னு பாருங்க. உள்ள செம்பு படிஞ்சிருந்தா காப்பர் சால்வென்ட் போட்டு முழுசா எடுத்துட்டு திரும்ப சுடுங்க. பேரல் முனையில இருக்கற க்ரவுன்ல சின்ன நசுங்கல் இருந்தாலும் குரூப் கெடும், ஏன்னா புல்லட் வெளிய வர்ற அந்த நொடியில கேஸ் (மருந்து எரிஞ்ச வாயு) ஒரு பக்கமா முந்திகிட்டு வெளிய வந்து புல்லட்டோட பின்பக்கத்த தள்ளிவிடும். க்ரவுன மட்டும் திரும்ப வெட்டினா போதும், பேரல் மாத்த வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகலன்னா பேரல் பக்கம் வரலாம். நிஜமா தேஞ்ச பேரல் காட்டுற அறிகுறி இப்படி இருக்கும்: அதே தோட்டாவுக்கு க்ரோனோகிராஃப்ல வேகம் குறைஞ்சிருக்கும், நல்லா போய்கிட்டு இருக்கற குரூப்ல காரணமே இல்லாம ஒண்ணு விலகி விழும், செம்பு முன்ன விட சீக்கிரமா படியும், நீங்களே ரீலோட் பண்றவங்களா (தோட்டாவ வீட்டுலயே நிரப்புறவங்களா) இருந்தா ரைஃப்ளிங் (பேரலுக்குள்ள சுருளா ஓடுற வரிப்பள்ளம்) ஆரம்பிக்கற இடம் முன்னாடி நகர்ந்துகிட்டே போறது அளவுல தெரியும். போர்ஸ்கோப் (பேரலுக்குள்ள பாக்குற கருவி) வச்சு பார்த்தா த்ரோட் (சேம்பருக்கு அடுத்த இடம்) பக்கம் தண்ணி வத்தின ஏரி மண்ணு வெடிச்ச மாதிரி கட்டம் கட்டமா விரிசல் இருக்கும். ஆனா போர்ஸ்கோப்ப மட்டும் நம்பி தீர்ப்பு சொல்லாதீங்க, பார்க்க கோரமா இருக்கற பேரல் எத்தனையோ நல்லா சுடுது. டார்கெட் பேப்பர் தான் கடைசி வார்த்தை.

அந்த விரிசல் எப்படி வருதுன்னு புரிஞ்சா மீதி எல்லாமே புரிஞ்ச மாதிரி. வெடிமருந்து எரியும்போது வர்ற கேஸ் 2000 டிகிரி செல்சியஸுக்கும் மேல இருக்கும், ஸ்டீல் உருகுற சூடே கிட்டத்தட்ட 1500 தான். ஆனா அந்த சூடு இருக்கறது ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு செகண்டு, அதனால பேரல் உருகல, உள்பக்கத்து மேல்தோல் மட்டும் பயங்கரமா சூடாகி உடனே குளிரும். அப்படி சூடாகி குளிர்ந்து சூடாகி குளிர்ந்து அந்த தோல் கடினமாகி நொறுங்குற மாதிரி ஆயிடும், மெல்லிசா வெடிக்கும், அடுத்தடுத்த ரவுண்டுல கேஸ் அந்த வெடிப்புக்குள்ள புகுந்து துணுக்கு துணுக்கா பிச்சு எடுக்கும். இது பெரும்பாலும் சேம்பருக்கு முன்னாடி இருக்கற முதல் சில அங்குலத்துல தான் நடக்குது, அந்த இடத்தைத்தான் த்ரோட்னு சொல்றோம். முனைப்பக்கம் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கும். அமெரிக்க ராணுவத்தோட எம்60 மெஷின் கன்ல அந்த த்ரோட் பக்கத்துல மட்டும் ஸ்டெல்லைட்னு ஒரு கோபால்ட் கலவை உலோகத்துல தனி உறை வச்சாங்க, பேரல் எங்க சாகுதுன்னு அவங்களுக்கு தெளிவா தெரிஞ்சிருந்தது. ஆக நீடிச்சு உழைக்கணும்னு நாம பேசுறது எல்லாம் அந்த சில அங்குலத்த பத்தித்தான்.

படி 2: கேலிபர், அது கொடுக்கற ஆயுள்

ஒரே ஆக்சன்ல கேலிபர் (பேரல் ஓட்டையோட அளவு, அதுக்கேத்த தோட்டா) மாத்துற வாய்ப்பு பேரல் மாத்தும்போது தான் கிடைக்கும், அதனால இத யோசிக்காம பழசையே திரும்ப போடாதீங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். எவ்வளவு மருந்து, எவ்வளவு சின்ன ஓட்டை வழியா போகுதுங்கறது தான். .308 வின்செஸ்டர், .243 வின்செஸ்டர்னு ரெண்டு தோட்டாவ எடுத்துக்குங்க, .243ங்கறது .308 தோட்டா கூட்டோட கழுத்த குறுக்கினது தான், உள்ள கொள்ளுற மருந்து கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா .243 அங்குல ஓட்டையோட பரப்பு .308 ஓட்டையோட பரப்புல வெறும் 62 சதவீதம். அதே நெருப்பு, பாதிக்கு கொஞ்சம் மேல இருக்கற வழி, அப்போ த்ரோட் எவ்வளவு அடி வாங்கும்னு நீங்களே பார்த்துக்குங்க. இப்படி ஓட்டைக்கு மீறின மருந்து உள்ள தோட்டாக்கள ஓவர்போர்னு சொல்வாங்க.

தோராயமா சொல்றேன், போட்டிக்கு ஏத்த துல்லியம் இருக்கற வரைக்கும்னு வச்சுக்குங்க. .308 பேரல் 5000 ரவுண்டு பக்கம் தாங்கும், .223 ரெமிங்டன் 3000ல இருந்து 5000, 6.5 கிரீட்மோர் 2000ல இருந்து 3000, .243 ஒரு 1500 பக்கம், .300 வின்செஸ்டர் மேக்னம் கூட அதே அளவு தான். .22 எல்ஆர் மாதிரி சின்ன ரிம்ஃபயர் தோட்டா பல்லாயிரம் ரவுண்டு போனாலும் அசராது, அதுல த்ரோட்ட விட தப்பான க்ளீனிங் தான் பேரல கெடுக்கும். வேட்டைக்கு போதுமான துல்லியம்னா இந்த எண்ணெல்லாம் இன்னும் தாராளமா நீளும்.

இந்த எண்ண விட முக்கியம் நீங்க சுடுற விதம். சூடான பேரல்ல அடுத்தடுத்து 20 ரவுண்டு தள்ளுறதும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் விட்டு சுடுறதும் ஒண்ணு இல்ல. கையில தொட முடியாத அளவு சூடாயிடுச்சுன்னா நிறுத்துங்க, பேரலுக்கு நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி அது தான். அதே சமயம் வருஷத்துக்கு 30, 40 ரவுண்டு சுடுற வேட்டைக்காரருக்கு பேரல் ஆயுள் பத்தின கவலையே வேண்டாம், .300 மேக்னமா இருந்தாலும் அவர் காலம் முடியுற வரைக்கும் வரும். அவர் பணத்த ஆயுளுக்கு செலவழிக்காம எடைய குறைக்க செலவழிக்கறது புத்திசாலித்தனம்.

படி 3: ட்விஸ்ட் – இதுல தப்பு பண்ணா திருத்த வழியே இல்ல

ஸ்டீல்ல தப்பு பண்ணா ஆயுள் கொஞ்சம் குறையும், தடிமன்ல தப்பு பண்ணா தோள் வலிக்கும், ட்விஸ்ட்ல தப்பு பண்ணா நீங்க ஆசைப்பட்ட புல்லட்டே டார்கெட்ல பக்கவாட்டுல போய் ஓட்டை போடும். அதனால தான் இங்க நிறைய நேரம் எடுத்துக்கறேன்.

பம்பரத்த நினைச்சுக்குங்க. வேகமா சுத்தினா ஆடாம அசையாம நிக்கும், வேகம் குறைஞ்சா தலைய ஆட்ட ஆரம்பிக்கும். புல்லட்டும் அப்படித்தான், பேரலுக்குள்ள இருக்கற ரைஃப்ளிங் அத சுத்தி விடுது. 1:10னு சொன்னா 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து. எண் சின்னதாக ஆக சுத்து வேகம் கூடும்.

எவ்வளவு சுத்து வேணும்னு முடிவு பண்றது புல்லட்டோட நீளம், எடை இல்ல. பலபேர் எடைய வச்சே பேசுறாங்க, ஒரே மாதிரி புல்லட்டுக்குள்ள அது ஓரளவு சரி வரும், ஆனா முழு செம்புல செஞ்ச ஈயம் இல்லாத புல்லட் வந்தா கணக்கு மாறிடும். செம்பு ஈயத்த விட லேசு, அதனால அதே எடைக்கு புல்லட் நீளமா இருக்கும், நீளமா இருந்தா அதிக சுத்து வேணும். ஈய புல்லட்டுக்கு நல்லா இருந்த பேரல் அதே எடை செம்பு புல்லட்டுக்கு சொதப்புறதுக்கு காரணம் இது தான்.

1879ல கிரீன்ஹில்னு ஒரு கணித பேராசிரியர் கொடுத்த ஃபார்முலா இன்னைக்கும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும்: புல்லட் விட்டத்த விட்டத்தாலயே பெருக்கி, அத 150ஆல பெருக்கி, புல்லட் நீளத்தால வகுக்கணும், எல்லாம் அங்குலத்துல. .308 விட்டம், 1.215 அங்குல நீளம் உள்ள புல்லட்டுக்கு போட்டுப் பாருங்க, 11.7 வரும். அதனால தான் அந்த அளவு புல்லட்டுக்கு 1:12ஓ 1:11ஓ பேரல் சரியா வருது. அத விட நீளமான கனமான புல்லட்டுக்கு 1:10. இப்போ எல்லாரும் மில்லர் ஃபார்முலா போட்ட கால்குலேட்டர தான் பயன்படுத்துறாங்க, அதுல காத்தோட சூடு, உயரம், வேகம் எல்லாம் கொடுத்தா ஒரு ஸ்திரத்தன்மை எண் வரும், 1.5 இருந்தா நிம்மதி. கணக்கு போடும்போது நீங்க சுடப் போற இடத்துலயே குளிரான, தாழ்வான இடத்த வச்சு போடுங்க, ஏன்னா குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகம், புல்லட்ட அதிகமா ஆட்டும். எம்16 ரைஃபிள் ஆரம்பத்துல 1:14 ட்விஸ்ட்ல வந்துச்சு, கடும் குளிர்ல புல்லட் தடுமாறுதுன்னு தெரிஞ்ச பிறகு 1:12க்கு மாத்தினாங்க. பின்னாடி எம்16ஏ2ல நீளமான ட்ரேசர் புல்லட்டுக்காக 1:7 வரைக்கும் போனாங்க.

இன்னொரு கதை ட்விஸ்ட் எடுக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 1955ல .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் ஒரே வருஷம் வந்துச்சு, ரெண்டுலயும் அதே விட்டம் புல்லட். வின்செஸ்டர் 1:10 கொடுத்துச்சு, ரெமிங்டன் சின்ன மிருகத்துக்கான லேசான புல்லட்ட மனசுல வச்சு 1:12 கொடுத்துச்சு. மான் வேட்டைக்கு கனமான 100 கிரெய்ன் (எடை அளவு) புல்லட் வேணும்னு கேட்டவங்க எல்லாம் .243 பக்கம் போயிட்டாங்க, .244 நம்ப முடியாதுன்னு பேர் வாங்கிடுச்சு. 1963ல அதே தோட்டாவ 6 எம்எம் ரெமிங்டன்னு பேர் மாத்தி 1:9 ட்விஸ்ட்ல கொண்டு வந்தாங்க, ஆனா சந்தை கைய விட்டு போயிருந்தது. நல்ல தோட்டா, ஒரு எண்ணால தோத்துச்சு.

சந்தேகம் வந்தா கொஞ்சம் வேகமான ட்விஸ்ட் பக்கம் சாயுங்க. வேகமான ட்விஸ்ட்ல லேசான புல்லட்டும் நல்லாத்தான் போகும், ரொம்ப மெல்லிசான ஜாக்கெட் உள்ள வேகமான புல்லட் மட்டும் சுத்து தாங்காம காத்துலயே சிதறலாம். மெதுவான ட்விஸ்ட்ல நீளமான புல்லட் போகவே போகாது. .223க்கு எல்லாம் சுடணும்னா 1:8, 6.5 கிரீட்மோருக்கும் 1:8, .308க்கு 1:10, இப்படி எடுத்தவங்க யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்ல.

படி 4: ஸ்டீலும் உள்பூச்சும்

சுருக்கமா ரெண்டு குடும்பம். ஒண்ணு க்ரோம்-மாலி, 4140, 4150னு எண் போட்டு வரும், கடைசி ரெண்டு எண் கார்பன் அளவு, 0.40 சதவீதம், 0.50 சதவீதம்னு அர்த்தம். இன்னொண்ணு ஸ்டெயின்லெஸ், பேரலுக்குன்னே உள்ளது 416ஆர். ஸ்டெயின்லெஸ்ல உள்பக்கத்த வழவழப்பா முடிக்கறது சுலபம், அதனால துல்லியத்துக்கு பேர் போன பேரல் செய்றவங்க பெரும்பாலும் இத தான் எடுக்கறாங்க. போட்டிக்காரங்க பொதுவா சொல்றது, ஸ்டெயின்லெஸ் கடைசி வரைக்கும் நல்லா சுட்டுட்டு திடீர்னு விழும், க்ரோம்-மாலி மெல்ல மெல்ல இறங்கும், என் அனுபவமும் அப்படித்தான்.

ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுன்னு நம்பாதீங்க, 416 வகையில வெட்டுறதுக்கு சுலபமா இருக்க கந்தகம் சேர்த்திருப்பாங்க, ஈரத்துலயே விட்டா அதுவும் புள்ளி விடும். இன்னொண்ணு, 416ஆர் ரொம்ப குளிர்ல, மைனஸ் 40 டிகிரிக்கு கீழ போனா நொறுங்கற தன்மைக்கு வரும், அப்படி இடத்துல சுடுறவங்க க்ரோம்-மாலி பக்கம் போறது பாதுகாப்பு.

உள்பூச்சுல க்ரோம் லைனிங், நைட்ரைடிங்னு ரெண்டு வழி. க்ரோம் லைனிங்ல உள்ள கடினமான குரோமியம் படலம் ஏத்துவாங்க, சூட்டையும் துருவையும் அருமையா தாங்கும். வியட்நாம்ல ஆரம்பகால எம்16 சேம்பர்ல க்ரோம் இல்லாம துரு புள்ளி விழுந்து தோட்டா கூடு மாட்டிகிட்டு பட்ட பாடு ஊருக்கே தெரியும், அப்புறம் தான் சேம்பருக்கு, அதுக்கப்புறம் முழு பேரலுக்கும் க்ரோம் போட்டாங்க. குறை என்னன்னா படலம் எல்லா இடத்துலயும் ஒரே தடிமனா ஏறாது, அதனால உச்சகட்ட துல்லியம் எதிர்பார்க்க முடியாது. நைட்ரைடிங்ல மேல எதுவும் ஏத்துறதில்ல, ஸ்டீலோட தோலையே நைட்ரஜன் ஊட்டி கடினமாக்குறாங்க, அளவு மாறாது, துல்லியம் கெடாது, துருவும் குறையும். ஆனா சேம்பர் வெட்டி முடிச்ச பிறகு தான் நைட்ரைடிங் பண்ணணும், பண்ணின பேரல்ல திரும்ப சேம்பர் வெட்டுறது ரீமருக்கு (சேம்பர் வெட்டுற கருவிக்கு) ஆகாது. அடுத்தடுத்து வேகமா சுடுற செமி ஆட்டோவா இருந்தா க்ரோமோ நைட்ரைடோ எடுங்க, நிதானமா போல்ட் ஆக்சன்ல (ஒவ்வொரு ரவுண்டையும் கையால ஏத்துறது) துல்லியம் தேடுறவங்க பூச்சு இல்லாத, லேப்பிங் பண்ண (உள்பக்கத்த தேய்ச்சு வழவழப்பாக்கின) ஸ்டெயின்லெஸ் எடுங்க.

ஆழ்குளிர் ட்ரீட்மென்ட்னு தனியா பணம் கேப்பாங்க. அதனால குரூப் சின்னதாகும்னு நம்புறதுக்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கல, அந்த பணத்துல தோட்டா வாங்குங்க.

படி 5: ரைஃப்ளிங் எப்படி போட்டிருக்காங்க

கட் ரைஃப்ளிங்ல ஒரு சின்ன கத்தி ஒவ்வொரு க்ரூவா (பள்ளமா), ஒவ்வொரு இழுப்புக்கும் அங்குலத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு வாக்குல சீவி எடுக்கும், நேரம் பிடிக்கும், ஆனா ஸ்டீலுக்குள்ள எந்த இறுக்கமும் ஏறாது. பட்டன் ரைஃப்ளிங்ல கார்பைட் பட்டன் ஒண்ண உள்ள விட்டு இழுப்பாங்க, அது ஸ்டீல வெட்டாம அமுக்கி வடிவம் கொடுக்கும், சீக்கிரம் முடியும், உள்ள வழவழப்பா வரும், ஆனா இறுக்கம் ஏறும், அத உலையில வச்சு இறக்கணும். ஹேமர் ஃபோர்ஜிங்ல ரைஃப்ளிங்கோட அச்ச உள்ள வச்சு வெளிய இருந்து பெரிய மெஷின் சுத்தியல் அடிச்சு பேரல அந்த அச்சு மேல அமுக்கிடும், தொழிற்சாலை ரைஃபிள் நிறைய இப்படித்தான் வருது, உறுதியா இருக்கும்.

எது துல்லியம்னு சண்டை போடுறவங்க நிறைய. போட்டி ஜெயிச்ச பேரல்ல கட்டும் இருக்கு பட்டனும் இருக்கு. முறைய விட முக்கியம் உள்விட்டம் ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் ஒரே சீரா இருக்கறது. முனைப்பக்கம் லேசா இறுக்கமா இருந்தா பரவால்ல, நல்லதுன்னு கூட சொல்வாங்க, ஆனா முனைப்பக்கம் தளர்ந்திருந்தா அந்த பேரல் உருப்படாது. பட்டன் பேரல்ல இறுக்கம் சரியா இறக்காம வெளிப்பக்கத்த கடைஞ்சா இது தான் நடக்கும், வெளிய ஸ்டீல் குறையக் குறைய உள்ள ஓட்டை விரியும். அதனால விக்கிறவங்ககிட்ட கேளுங்க, கடைஞ்ச பிறகு லேப்பிங் பண்ணீங்களா, விட்டம் எவ்வளவு சீரா இருக்குன்னு. நல்லவங்க தயங்காம எண் சொல்வாங்க, அங்குலத்துல பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டுனு.

க்ரூவ் நாலா ஆறா அஞ்சாங்கறது எல்லாம் மூணாம் பட்சம். 5ஆர் மாதிரி சரிவான ஓரம் உள்ளது சுத்தம் பண்ண சுலபம்னு பல பேர் விரும்புறாங்க, அவ்வளவு தான்.

படி 6: தடிமன், நீளம், எடை

தடிமனான பேரல் தானாவே துல்லியம் ஆயிடாது, இத நல்லா புரிஞ்சுக்கணும். மெல்லிசான பேரல் கூட முதல் மூணு ரவுண்டு அழகா சேர்த்து போடும். வித்தியாசம் சூடேறின பிறகு தான் தெரியும், மெல்லிசு சீக்கிரம் சூடாகி குறி நகர ஆரம்பிக்கும், தடிசு பத்து பதினஞ்சு ரவுண்டு வரைக்கும் அதே இடத்துல போடும்.

விறைப்பு விட்டத்தோட நாலாம் படிக்கு ஏறும். 0.60 அங்குலத்துல இருந்து 0.75க்கு போனா கிட்டத்தட்ட 2.4 மடங்கு விறைப்பு. நீளம் மூணாம் படிக்கு குறைக்கும், அதே தடிமன்ல 26 அங்குலத்த 22 ஆக்கினா சுமார் 65 சதவீதம் விறைப்பு கூடும். அதனால தூக்கி நடக்கணும், ஆனா துல்லியமும் வேணும்னா நீளத்த குறைச்சு தடிமன காப்பாத்துங்க. வேகம் போகுமேன்னு கவலைப்படுவீங்க, .308ல ஒரு அங்குலத்துக்கு செகண்டுக்கு 20, 25 அடி தான் போகும், 300 மீட்டருக்குள்ள சுடுறவங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. மேக்னம் தோட்டா மட்டும் குட்டை பேரல்ல ரொம்ப இழக்கும், சத்தமும் நெருப்பும் தாங்காது, அதுக்கு 24ஓ 26ஓ வேணும். பேரல் நீளத்துக்கு குறைஞ்சபட்ச அளவு சட்டத்துல இருக்கற நாடுகளும் உண்டு, அதையும் பாருங்க.

வெளிய பள்ளம் போட்ட ஃப்ளூட்டிங் பேரல்ல ஒரு குழப்பம் உண்டு. பள்ளம் போட்டா விறைப்பு கூடாது, அதே விட்டத்துல பள்ளம் இல்லாதது தான் அதிக விறைப்பு. அதே எடையுள்ள மெல்லிசு பேரலோட ஒப்பிட்டா தான் ஃப்ளூட்டிங் ஜெயிக்கும். கார்பன் ஃபைபர் சுத்தினது எடை ரொம்ப குறையும், தடிமனும் இருக்கும், ஆனா விலையும் ஏறும், மலையேறி வேட்டையாடுறவங்களுக்கு தான் அதோட அருமை தெரியும்.

படி 7: சேம்பரும் பொருத்துறதும்

எத்தனை உசத்தியான பேரலா இருந்தாலும் சேம்பர் கோணலா வெட்டினா குப்பை. சுமாரான பேரல்ல நேரா வெட்டின சேம்பர் அத விட நல்லா சுடும். அதனால பேரலுக்கு ஒதுக்கற பணத்துல ஒரு நல்ல பங்க கன்ஸ்மித்துக்கு ஒதுக்குங்க.

சேம்பர் எந்த அளவுலன்னு தெளிவா எழுதி வாங்குங்க. .223 ரெமிங்டனும் 5.56 நேட்டோவும் வெளிய பார்த்தா ஒண்ணு, ஆனா 5.56 சேம்பர்ல த்ரோட் நீளம், அதோட தோட்டாவும் அதிக அழுத்தத்துக்கு ஏத்தது. 5.56 தோட்டாவ .223 சேம்பர்ல போட்டா அழுத்தம் எகிறும், செய்யாதீங்க. ரெண்டையும் சுடணும்னா அதுக்குன்னு உள்ள .223 வைல்டு சேம்பர் இருக்கு. ரீலோட் பண்ணி நீளமான புல்லட் சுடுறவங்க அந்த புல்லட்டோட ஒரு டம்மி ரவுண்டு செஞ்சு கன்ஸ்மித்கிட்ட கொடுத்துட்டா த்ரோட் அதுக்கேத்த மாதிரி வெட்டித் தருவார்.

பேரல ஆக்சனோட இணைக்கற திருகு மரை ஒவ்வொரு ஆக்சனுக்கும் வேற வேற. ரெமிங்டன் 700க்கு 1.0625 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை, மவுசர் 98க்கு 1.100 விட்டம், 12 மரை, அதுவும் 55 டிகிரி கோணத்துல, வழக்கமான 60 இல்ல. சாவேஜ் 110ல பேரல் நட்னு ஒரு தனி நட் இருக்கும், அதால ஹெட்ஸ்பேஸ (அடுத்த பத்தியில சொல்ற அளவு) சரி பண்ணி இறுக்கிடலாம், பேரல் மாத்த ரொம்ப சுலபமான அமைப்பு. இப்போ பல ஆக்சனுக்கு முன்கூட்டியே சேம்பர் வெட்டி வர்ற ப்ரீஃபிட் பேரல் கிடைக்குது, ஆக்சன் அளவு துல்லியமா இருந்தா நேரா பொருந்தும்.

ப்ரீஃபிட்டா இருந்தாலும் சரி எதுவா இருந்தாலும் சரி, ஹெட்ஸ்பேஸ் பார்க்காம ஒரு ரவுண்டு கூட போடக் கூடாது. போல்ட் முகத்துக்கும் தோட்டா சேம்பர்ல உக்கார்ற இடத்துக்கும் நடுவுல உள்ள அளவு அது. கோ கேஜ்ல போல்ட் மூடணும், நோ-கோ கேஜ்ல மூடக் கூடாது. அதிகமா இருந்தா தோட்டா கூடு பின்பக்கம் கிழிஞ்சு, சூடான கேஸ் உங்க முகத்துக்கு நேரா வரும். கேஜ் வச்சு பார்த்தத உங்க கண் முன்னாடியே காட்ட சொல்லுங்க, நல்ல கன்ஸ்மித் கோவிச்சுக்க மாட்டார்.

படி 8: கைக்கு வந்த பிறகு

முதல்ல உள்ள இருக்கற எண்ணெய சுத்தமா துடைச்சு எடுத்துட்டு சுடுங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் சுத்தம் பண்ணி பேரல பழக்கணும்னு பெரிய சடங்கே சொல்வாங்க, லேப்பிங் பண்ண பேரலுக்கு அவ்வளவு வேண்டாம், சில ரவுண்டுக்கு ஒரு தடவை துடைச்சு செம்பு வர்றது குறையுதான்னு பாருங்க, குறைஞ்சா விட்டுடுங்க. முதல் 100, 200 ரவுண்டுல வேகம் தானா கொஞ்சம் ஏறி அப்புறம் நிக்கும், அதனால அது நிக்கிற வரைக்கும் ரீலோட் கணக்க இறுதி பண்ணாதீங்க.

சுத்தம் பண்ணும்போது சேம்பர் பக்கத்துல இருந்து, போர் கைடு (ராட் உரசாம நேரா போக வைக்கற குழாய்) போட்டு, பூச்சு உள்ள ஒரே துண்டு ராட் வச்சு பண்ணுங்க. முனையில இருந்து வெறும் ராட் விட்டு க்ரவுன உரசி கெடுத்தவங்க எத்தனையோ பேர், அந்த பேரல் சுட்டு தேஞ்சதில்ல, துடைச்சு தேஞ்சது.

பேரல் எப்படின்னு மூணு ரவுண்டு குரூப்ப வச்சு சொல்லாதீங்க. புள்ளியியல் கணக்குப்படி மூணு ரவுண்டுல சராசரியா 1 அங்குலம் போடுற ரைஃபிள் பத்து ரவுண்டுல 1.6 அங்குலம் பக்கம் போடும், ரைஃபிள் மாறல, எண்ணிக்கை தான் மாறுது. பத்து ரவுண்டு, அதுவும் ரெண்டு மூணு நாள்ல தனித்தனியா போட்டு, அத 100 மீட்டர்ல 29 மில்லிமீட்டர்ங்கற 1 எம்ஓஏ (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு கோணம்) அளவோட ஒப்பிடுங்க. வேட்டை ரைஃபிளுக்கு பத்து ரவுண்டுல ஒன்றரை எம்ஓஏ வந்தா அருமையான பேரல், மாத்த நினைக்காதீங்க.

கடைசியா ஒரு நோட்டு வாங்கி துப்பாக்கி பெட்டியிலயே வச்சுடுங்க. புது பேரல் போட்ட அன்னைக்கே நீங்க சுடுற புல்லட் ரைஃப்ளிங்க தொடுற நீளத்தையும் சராசரி வேகத்தையும் எழுதி வைங்க, அப்புறம் 300 ரவுண்டுக்கு ஒரு தடவை ரெண்டையும் திரும்ப அளந்து பக்கத்துல எழுதுங்க. அந்த நீளம் எப்போ வேகமா ஏறுதோ, வேகம் எப்போ இறங்குதோ, அப்போ அடுத்த பேரலுக்கு ஆர்டர் கொடுத்துடுங்க, ஏன்னா நல்ல பேரல் செய்றவங்ககிட்ட மாசக்கணக்குல காத்திருக்கணும், சீசன் நடுவுல பேரல் போனா கையப் பிசைஞ்சுகிட்டு நிக்க வேண்டியது தான்.